மச்சம் காய்ச்சாத வீட்டுப் பூனை

எங்கள் வீட்டில் மச்சம் காய்ச்சுவதில்லை. மீன், இறைச்சி, முட்டை எதுவும் வாசல் படலைக்கு உள்ளே வராது. ஊரில் மற்றச் சனம் வெள்ளிக்கிழமையும் விரத நாளும் பார்த்து மரக்கறி சாப்பிடும். எங்களுக்கு வருடம் முழுவதும் வெள்ளிக்கிழமைதான். தொண்டைமானாற்றிலிருந்து சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வரும் மீன்கார அண்ணை நீர்வேலிச் சந்தியிலிருந்தே ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவார். எங்கள் வேலி தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுவார். வேலி முடிந்த பிறகு மறுபடி அடிப்பார். அப்படிச் செய்யும்படி யாரும் அவரிடம் சொன்னதில்லை.

அந்த வீட்டில்தான் ஒரு பூனை வளர்ந்தது. மண்ணிறமும் வெள்ளையும் கலந்த கடுவன். பெயர் என்று ஒன்றும் வைக்கவில்லை. அக்கா "ராசா" என்பாள், நான் "டேய்" என்பேன், இரண்டுக்கும் வரும்.

வீட்டில் அக்காவும் தங்கையுமாக நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். கட்டியவர் இளவயதிலேயே காலமாகிவிட, பிள்ளையும் இல்லாமல் தாய்வீட்டுக்கே திரும்பி வந்தவள். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். கலியாணம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே எழுத முடியாது.

நாற்பது வயதில் எனக்குச் சலரோகம், அதுதான் நீரிழிவு, பிடித்தது. குளிசையால் அடங்கவில்லை, ஊசிதான் என்றார்கள். சரி, ஊசிதான் என்றேன். காலையிலும் பின்னேரமும் கண்ணாடிச் சிரிஞ்சை அவித்து, ஈரமணல் போட்ட சட்டியில் வைத்திருக்கும் இன்சுலின் குப்பியை எடுத்து, தொடையில் நானே குத்திக்கொள்வேன். அக்கா மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வாள். காலையில் சலத்தையும் சோதிப்பேன்: நீலக் கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கினால், சீனி இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். சீனி இருந்தால் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என்று ஏறும், மிகவும் கூடினால் செங்கல் நிறம். எனக்கு நீலம் வந்த நாட்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

எனக்கு நோய் வந்ததில் அதிகம் இழந்தவள் அக்காதான். அவளுடைய கைப்பக்குவம் முழுவதும் இனிப்பில் இருந்தது. மோதகம், அரியதரம், பயத்தம் பணியாரம், கதலிப்பழம் பிசைந்த பால்சோறு எல்லாம் செய்து, நான் தின்பதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பாள். டாக்குத்தர் அதையெல்லாம் வெட்டிப்போட்டார். எனக்குக் குரக்கன் பிட்டும் பாகற்காயும் வந்தன. எனக்குத் தர முடியாமல் போன இனிப்பெல்லாம் பூனைக்குப் போயிற்று. பாலும் சீனியும் சோறும், விசேட நாளென்றால் மோதகத்துக்குள் வைக்கும் உள்ளுடனும் என்று அது தின்றது. தின்று தின்று அம்மிக்கல் மாதிரி ஆனது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஊருக்கெல்லாம் விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு அந்தக் கோப்பையைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம், பூனையின் பின்கால்கள் விழுந்துவிட்டன. விழுந்தது என்றால், முழுக்க இழுபடவில்லை. பாதத்தில் நடக்கிற பூனை குதிவரை தரையில் பதித்து, முயல் மாதிரி அரக்கி அரக்கி வந்தது. மதிலைப் பார்க்கும், பாய ஆயத்தம் பண்ணும், பிறகு வேறு எங்கோ பார்க்கும். அக்கா கொடியிலிருந்து உடுப்பு எடுக்கும்போதெல்லாம் கிணற்றுக்கட்டில் ஏறி அவள் தோளோடு முகத்தைத் தேய்ப்பது அதன் வழக்கம். அதுவும் நின்றுபோனது.

"மதிலாலை விழுந்து நாரி எலும்பு பிசகிப்போட்டுது," என்றாள் பக்கத்து வளவுக்காரி. முறிவு வைத்தியர் பத்துப் போடச் சொன்னார். அக்கா நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்த்து, நொச்சியிலையில் ஒத்தணம் பிடித்து, கோயில் திருநீறும் பூசினாள். ஒரு கிழமை போனது. பூனை இளைத்ததே தவிர எழும்பவில்லை. முன்வீட்டு நாய் படலையடியில் வந்து நின்று உள்ளே பார்க்கத் தொடங்கியது.

"நடக்கேலாத சீவனை வைச்சுக்கொண்டு என்ன செய்யப்போறியள்? நாய் குதறமுந்தி சாக்கிலை போட்டுக் கொண்டுபோய் எங்கையும் விடுங்கோ," என்று பக்கத்து வளவுக்காரி வேலியால் சொன்னாள்.

அன்று மத்தியானம் அக்கா சாப்பிடவில்லை. பூனையை மடியில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் இருந்தாள். இந்த வீட்டில் என்னைத் தவிர அவளிடம் இருந்த ஒரே உயிர் அது. அது போனால் அக்கா பாதி போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் என் மூளை வேலை செய்யும்.

அப்போதுதான் எறும்பைக் கண்டேன். பூனை எழும்ப முடியாமல் குசினிச் சீமெந்திலேயே சலம் விட்டிருந்தது. அதைச் சுற்றி எறும்பு கரை கட்டியிருந்தது. தண்ணீர்ச் சட்டியைப் பார்த்தேன். காலையில் நிரப்பியது காலி. இளைத்த உடம்பு, ஓயாத தாகம், எறும்பு மொய்க்கும் சலம். இதையெல்லாம் நான் பதினொரு வருடமாக என் உடம்பில் சுமந்துகொண்டு திரிகிறேன்!

"அக்கா, உவனுக்கு என்ரை வருத்தம்!" என்று கத்தினேன்.

"விசர்க்கதை கதையாதை. பூனைக்கு எங்கையடி சலரோகம்?"

சிரிஞ்சால் சலத்தை உறிஞ்சி எடுத்து எட்டுச் சொட்டுவிட்டுச் சூடாக்கினேன். நீலம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. செங்கல் நிறம். அக்கா அந்தக் குழாயையும் பார்த்தாள், பூனையின் கோப்பையில் மிஞ்சிக் கிடந்த பால்சோற்றையும் பார்த்தாள். "நான்தான் செய்தனான், என்ன?" என்று கேட்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. பொய் சொல்லி ஆறுதல்படுத்தும் குணம் எனக்கு இல்லை. இன்று நினைத்தால் அது ஒரு பெருமையாகத் தெரியவில்லை.

அடுத்த நாள் பூனையைப் பனையோலைக் கடகத்தில் வைத்து, மேலே துவாய் கட்டி, பஸ்ஸில் மிருக வைத்தியரிடம் போனேன். ஊரில் அவரை மாட்டு டாக்குத்தர் என்பார்கள். இளம் பிள்ளை, அன்று கையில் சாணி மணத்தோடு வந்தார். நான் சோதனை விவரம் சொல்ல, சிரிக்காமல் கேட்டார்.

"ரீச்சர், உதைப் புத்தகத்திலைதான் படிச்சனான். கண்ணாலை கண்டதில்லை. சீனி கூடினால் நரம்பு களைச்சுப்போகும், அதாலைதான் கால் விழுந்திருக்கு. சீனி இறங்கினால் கால் திரும்பலாம்."

"ஊசி என்னட்டை இருக்கு. சிரிஞ்சிலை எத்தினை கோடு?"

"ஒரு கோட்டிலை தொடங்குங்கோ. ஆனால் சாப்பாட்டை மாத்தாமல் ஒண்டும் நடவாது. சோறு, பால், பழம் எல்லாம் நிப்பாட்டி மீன் குடுங்கோ. தின்னாட்டி ஊசி போடக்கூடாது, கவனம்."

"எனக்குத் தெரியாததே டாக்குத்தர்? பதினொரு வருசமாப் போடுறன்," என்றேன். அந்தத் தம்பியிடம் அப்படிச் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது.

மீன் என்ற சொல்லை வீட்டில் எப்படி எடுப்பது என்று பஸ்ஸிலேயே யோசித்தேன். யோசித்துப் பயனில்லை என்று படலையைத் திறந்ததும் நேராகவே சொன்னேன். அக்கா பூனையைக் கடகத்திலிருந்து தூக்கி மடியில் வைத்தாள். பிறகு, "கிணத்துக்கு அங்காலை, வேலியோடை. வேறை அடுப்பு, வேறை சட்டி. குசினிக்குள்ளை வரக்கூடாது," என்றாள். அதற்குமேல் நான் கேட்கவும் இல்லை.

மறுநாள் மீன்கார அண்ணை எங்கள் வேலியடியில் ஹோர்னை நிறுத்தினார். நான் படலையைத் திறந்து கையைக் காட்டினேன். மனிசன் சைக்கிளோடு விழப் பார்த்தார்.

"என்ன ரீச்சர், ஆருக்கும் சுகமில்லையோ?"

"பூனைக்கு. சூடைமீன் தாங்கோ. பிறகு அதை எப்பிடி வெட்டிறது எண்டும் காட்டுங்கோ."

அவர் சிரித்த சிரிப்பு சந்தி வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் குந்தியிருந்து, செதில் உரிப்பது, குடல் எடுப்பது எல்லாம் வடிவாகக் காட்டித் தந்தார். பள்ளிக்கூடத்தில் தவளை அறுத்த கைக்கு அது பெரிய காரியமில்லை. உப்பும் புளியும் இல்லாமல் வெறும் தண்ணீரில் அவித்து, முள் எடுத்து வைத்தேன். வாழ்நாளில் மீனே கண்டிராத பூனை ஒருமுறை முகர்ந்தது. அடுத்த கணம் கோப்பை நக்கித் துடைத்துக் கிடந்தது. இத்தனை வருடமும் அது எங்களுக்காகச் சைவமாக இருந்திருக்கிறது.

ஊசி போடுவது லேசு. கழுத்துத் தோலைத் தூக்கி ஒரு குத்து. பூனைக்குத் தெரியவே தெரியாது. என்னுடைய ஊசிக்கு முகம் திருப்பும் அக்கா, பூனையின் ஊசிக்கு மட்டும் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்டுமில்லை ராசா, முடிஞ்சுது ராசா," என்பாள். பதினொரு வருடத்தில் எனக்கு ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

ஆவணி முடியச் செங்கல் நிறம் மஞ்சளாயிற்று. புரட்டாதியில் பச்சை. குதிகள் தரையைவிட்டு மெல்ல மெல்ல உயர்ந்தன. பாய முடியவில்லை, ஆனால் நடந்தது. முன்வீட்டு நாயைப் பார்த்துச் சீறவும் தொடங்கியது. நான் ஆசிரியர் அறையில் பூனைக்கதையைத் தவிர வேறு கதையில்லாமல் திரிந்தேன். டாக்குத்தர்மார் செய்யாததை நான் செய்துவிட்டேன் என்ற எண்ணம் தலைக்கேறியிருந்தது.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. அக்கா ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்து, கடைசி நாள் அதுவும் இல்லாமல் இருப்பாள். நான் விரதம் பிடிப்பதில்லை. பிடிக்க அவள் விடமாட்டாள். "ஊசி போடுற ஆள் பட்டினி கிடக்கக்கூடாது. உனக்கும் சேத்து நான் பிடிக்கிறன்," என்று, தான் வெறும் வயிற்றோடு நின்று எனக்கு மூன்று நேரமும் சமைத்துத் தருவாள்.

அந்த வருடம் வீடு கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தபோது, அவளுக்கு ஒரு நல்லது செய்ய நினைத்தேன். அவள் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

"ஆறு நாளும் மீனை நிப்பாட்டுவம். பருப்பும் சோறும் குடுப்பம்."

"பூனைக்கு ஒண்டும் செய்யாதே?"

"சோறு திண்டால் சீனி கொஞ்சம் ஏறும். ஊசியை அரைக்கோடு கூட்டிவிட்டால் சரி. உதெல்லாம் கணக்கு, அக்கா."

எப்படியும் மீன் கிடைத்திருக்காது. மீன்கார அண்ணையும் சந்நிதி முருகனுக்கு விரதம் பிடிப்பவர். அந்த ஆறு நாளும் கடலுக்கும் போகமாட்டார், சைக்கிளையும் எடுக்கமாட்டார்.

முதல் நாள் பூனை பருப்புச் சோற்றைக் கிளறி இரண்டு வாய் தின்றது. இரண்டாம் நாள் முகர்ந்துவிட்டுப் போனது. பசித்தால் தின்னும் என்றேன். மூன்றாம் நாள் சனிக்கிழமை. அக்கா கோயிலுக்குப் போய்விட்டாள். நான் எப்போதும் எனக்கு முதலில் ஊசி போட்டு, அரைமணி பொறுத்துச் சாப்பிடுவேன். பூனைக்கும் அதே ஒழுங்குதான். ஊசியைப் போட்டேன், கோப்பையை வைத்தேன், பரீட்சைத் தாள் திருத்தப் போய்விட்டேன். தின்றதா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

அக்காவின் சத்தம் கேட்டுத்தான் ஓடிவந்தேன். அவள் கோயிலால் வந்து, ஈரச்சேலையோடு கிணற்றடி வாழையருகில் முழங்காலில் நின்றாள். பூனை சேற்றில் பக்கவாட்டில் கிடந்தது. நான்கு காலும் விறைத்து உதறின. வாயால் நுரை வந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் ஒன்றையும் பார்க்கவில்லை.

"ஊசி போட்டனியே?"

"ஓம்."

"திண்டதே?"

திரும்பிப் பார்த்தேன், கோப்பையில் சோறு வைத்தபடியே இருந்தது.

"தின்னாமல் ஊசி போடக்கூடாது எண்டு பதினொரு வருசமா எனக்குச் சொல்லிறனி! உனக்கு ஒரு வாய் பிந்தினாலும் நான் துடிக்கிறனான். இந்த வாயில்லாச் சீவனுக்கு மட்டும் ஏன் அது தெரியாமல் போச்சுது உனக்கு?"

அக்கா என்னை அப்படி ஏசியதே இல்லை. எனக்கு அந்த நடுக்கம் எப்படியிருக்கும் என்று தெரியும். வியர்வை ஊற்றி, கை கால் எங்கோ போய், பேச நாக்கு எழும்பாமல் நானும் கிடந்திருக்கிறேன். அப்போதெல்லாம் அக்காதான் சீனித் தண்ணீர் பருக்கியவள். என்ன செய்யவேண்டும் என்று எனக்கு வடிவாகத் தெரியும். தெரிந்தும் மரம் மாதிரி நின்றேன்.

அக்கா நிற்கவில்லை. கோயிலில் தந்த பஞ்சாமிர்தம் வாழையிலைச் சருகில் அவள் கையிலேயே இருந்தது. விரதம் முடித்துப் பாறணையன்று தொடுவதற்காக அவள் ஒரு துளிகூட வாயில் வைக்காமல் கொண்டுவந்தது. அதை விரலில் வழித்து, பூனையின் பல்முரசில் பூசினாள். மறுபடி வழித்தாள், பூசினாள். "முருகா, ராசா, முருகா, ராசா," என்று எது யாரைச் சொல்கிறாள் என்று தெரியாமல் சொல்லிக்கொண்டேயிருந்தாள். பூனைக்கு ஒரு துளி இனிப்பும் காட்டக்கூடாது என்று கட்டளை போட்டிருந்தவள் நான். பக்கத்தில் குந்தியிருந்து அந்தச் சருகைப் பிடித்துக்கொண்டேன்.

உதறல் மெல்லக் குறைந்தது. பிறகு நாக்கு வெளியே வந்து அக்காவின் விரலைத் தேடியது. அதைக் கண்டதும் அக்கா அழுதாள். நானும் அழுதேன், ஆனால் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டு.

"போய் மீன் வாங்கிக்கொண்டு வா," என்றாள்.

"இண்டைக்கோ? கந்தசட்டி அக்கா!"

"விரதம் எனக்கு. பூனைக்கு ஆர் விரதம் வைச்சது? நீதானே வைச்சனி. கெதியாப் போ."

யாழ்ப்பாணச் சந்தைக்குப் பஸ் ஏறினேன். கந்தசஷ்டியில் கையில் மீன்பையோடு திரும்பும்போது, என்னிடம் படித்த பிள்ளையின் தாய் ஒருவர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தார். பையைப் பார்த்தார், என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பார்க்கட்டும், எனக்கென்ன.

வீட்டுக்கு வந்தபோது பின்வளவு அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அக்கா தன் கையாலேயே மூட்டியிருந்தாள். அவள் மீனைத் தொட்டது அன்றுதான் முதல்தடவை. நான் வெட்டக் கை நீட்டினேன். "நீ போய் முதல்லை சாப்பிடு, உனக்கு நேரமாச்சுது," என்றாள். மீனை அவித்து, முள் எடுத்து, பூனைக்கு ஊட்டிவிட்டுக் கிணற்றில் முழுகினாள். முழுகிவிட்டுச் சாமியறைக்குப் போனாள். அன்று பின்னேரமும் அப்படித்தான். சூரன்போர் முடிகிறவரை, மழைக்குள், காலையும் பின்னேரமும் மீன் காய்ச்சி முழுகி, மீன் காய்ச்சி முழுகி இருந்தாள். பக்கத்து வளவுக்காரி வேலியால் எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், தலை கீழே போய்விட்டது.

மாட்டு டாக்குத்தர் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "உடம்பு தானாச் சமாளிக்குதோ எண்டு ஊசியை நிப்பாட்டிப் பாப்பம் ரீச்சர். மீன் மட்டும் குடுங்கோ, நாளுக்கு நாள் சோதியுங்கோ. என்ன நடக்கும் எண்டு எனக்கும் சொல்லத் தெரியாது," என்றார். இந்தமுறை நான் எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை.

ஊசி இல்லாமல் முதல் நாள் நீலம். இரண்டாம் நாள் நீலம். ஒரு கிழமை, ஒரு மாதம், நீலமே நின்றது. மார்கழியில் பூனை கதிரையில் ஏறியது. தை பிறந்து சில நாளில், அக்கா கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருக்க, ஒரே பாய்ச்சலில் கிணற்றுக்கட்டில் ஏறி அவள் தோளில் முகத்தைத் தேய்த்தது. அக்கா கையிலிருந்த சேலை முழுவதும் சேற்றில் விழுந்தது. "பாரடி, பாரடி!" என்று கத்தினாள். நான் அந்தச் சேலையை மறுபடி தோய்த்துக் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை இரண்டு சோதனைக் குழாயும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று நல்ல நீலம், மற்றது செம்மஞ்சள். நீலம் பூனையுடையது. எனக்குப் பொறாமை வந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், பொறாமைதான். சிரிஞ்சில் எனக்குரிய மருந்தை இழுத்துக்கொண்டு சொன்னேன்:

"பாத்தியே அக்கா, உவன் ஆறு மாசத்திலை தப்பிட்டான். நான் பதினொரு வருசமாக் குத்திக்கொண்டிருக்கிறன். இனிச் சாகுமட்டும் குத்துவன்."

பகிடியாகத்தான் தொடங்கினேன். முடியும்போது அது பகிடியாக இருக்கவில்லை.

அக்கா வழமைபோல முகம் திருப்பவில்லை. ஊசி தொடைக்குள் போய் வெளியே வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முன்னால் வந்து இருந்தாள்.

"நீயும் மீன் சாப்பிடன்," என்றாள்.

"என்ன?"

"அவனுக்குச் சரிவந்ததுதானே. உனக்கும் வந்தாலும் வரும்."

"அக்கா, நான் பூனையே? மனிசருக்கு அது அப்பிடி மாறாது," என்று சிரித்தேன். "அதோடை, மீன் சட்டியைக் கிணத்துக்கு அங்காலை வைச்சுக்கொண்டு, நான் வேலிக்கரையிலை குந்தியிருந்து சாப்பிடுறதே?"

அவள் சிரிக்கவில்லை.

"ஏன் அங்கை?" என்றாள். "குசினிக்குள்ளையே காய்ச்சித் தாறன்."